நபர், ஆறு அடி

சார், தப்பா நெனச்சுக்காதீங்க, அந்த போனைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுறீங்களா? பின்பக்கம். கையில வாங்க மாட்டேன், நீங்களே புடிச்சுக்கங்க. ஆங்... இருக்கு. கேமராவுக்குப் பக்கத்துல கருப்பா ஒரு பொட்டு இருக்கு பாருங்க, அது கேமரா இல்ல.

உங்களுக்குத் தெரியாதா? நெறையப் பேருக்குத் தெரியாது சார். ஆசையா வாங்கி வச்சிருப்பாங்க, இது எதுக்குன்னு கேட்டா முழிப்பாங்க. அந்தப் பொட்டுல இருந்து கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒண்ணு போகுது. எதுத்தாப்புல செவுரு இருந்தா செவுத்துல பட்டுத் திரும்புது, ஆள் இருந்தா ஆள் மேல பட்டுத் திரும்புது. போயிட்டு வர்ற நேரத்த வச்சு எது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு போன் கண்டுபிடிச்சுரும். போட்டோ நல்லா விழறதுக்குன்னு வச்சிருப்பாங்கபோல. ஆனா கண்ணு தெரியாதவங்களுக்கு அதான் சார் கண்ணு.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறீங்களா? என் சம்சாரத்த என்கிட்ட இருந்து பிரிச்சது இந்தப் பொட்டுதான்.

நீங்க திண்டுக்கல் போறீங்களா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு. வேடசந்தூர் தாண்டறதுக்குள்ள சொல்லிடுவேன். இந்த பஸ் ஜன்னலச் சாத்திக்கவா? காத்து அடிச்சா நான் பேசறது உங்களுக்குக் கேக்காது.

என் பேரு கோபிநாத். கரூர்ல மருந்து ஏஜென்சி ஒண்ணுல சேல்ஸ். மெடிக்கல் ஷாப் ஷாப்பா ஏறி எறங்கி ஆர்டர் எடுக்கற வேலை, லைனுக்குப் போறதும்போம். பைக்குலயே பொழுது போயிடும். ஆபீஸ்ல உக்காந்து கையெழுத்துப் போடற வேலை இல்ல, அதனால நடுவுல எங்க போறோம் வர்றோம்னு யாரும் கேக்க மாட்டாங்க.

சம்சாரம் பேரு பூங்கோதை. சொந்த ஊரு மணப்பாறைப் பக்கம். பொறந்ததுல இருந்தே பார்வை கெடையாது. வெளிச்சம் இருட்டு கூடத் தெரியாது. திருச்சியில ஒரு ஆஸ்பத்திரியில போன் எடுத்துப் பேசற வேலை பாத்துட்டு இருந்தா. நான் அங்க மருந்து விஷயமா போவேன். அவ குரல் இருக்கே சார், ‘வணக்கம், சொல்லுங்க’ன்னு அவ சொல்றதக் கேக்கறதுக்காகவே ரெண்டு மூணு தடவ வெளிய நின்னு போன் போட்டிருக்கேன். போட்டுட்டுப் பேச மாட்டேன். கண்ணாடிக் கதவு வழியா அவ மொகத்தப் பாத்துட்டு இருப்பேன். ‘ஹலோ, ஹலோ’ன்னுட்டு வச்சிருவா.

எங்க வீட்டுல ஒத்துக்கல. எதுக்குடா உனக்கு இந்தத் தலையெழுத்துன்னு எங்கம்மா அழுதாங்க. நான் விடல. வரதட்சணைன்னு ஒரு குண்டூசி வாங்கல சார். கல்யாணத்தன்னைக்கு ஊர்ல ஒரு சங்கத்துக்காரங்க வந்து எனக்கு சால்வை போட்டாங்க. மைக்கப் புடிச்சு, இந்த மாதிரி மனசு யாருக்கு வரும்னாங்க. பூங்கோதை பக்கத்துல நின்னுட்டு இருந்தா. அவளுக்கு சால்வை போட யாருக்கும் தோணல. அவ என்ன செஞ்சா, சால்வை போடறதுக்கு?

கல்யாணமானதும் வேலைய விடச் சொல்லிட்டேன். ஹாஸ்டல்ல தங்கி, குச்சியத் தட்டிக்கிட்டு பஸ் ஏறி, எதுக்கு அந்தக் கஷ்டம்? ‘எனக்கு அது கஷ்டமா இல்லீங்க’ன்னா. ஆரம்பத்துல அப்படித்தான் சொல்வாங்க. அந்த மடக்குக் குச்சிய எடுத்துப் பரண்ல போட்டேன். இனிமே நான் இருக்கேன், எதுக்கு குச்சின்னேன். நல்லாத்தான் வச்சிருந்தேன் சார். குடிக்கறது கெடையாது, கைநீட்டினது கெடையாது. ஒரு சுடுசொல் சொன்னதில்ல. இத போலீஸ் ஸ்டேஷன்ல அவளே ஒத்துக்கிட்டா.

அவள மொத தடவ நின்னு பாத்தது எப்படின்னா, கல்யாணமாகி ஒரு வாரம் இருக்கும். பில் புக்க மறந்துட்டேன்னு பாதி வழியில திரும்பி வந்தேன். கதவு தாழ் போடல. உள்ள வந்தா அடுப்படியில உக்காந்து பீன்ஸ் நறுக்கிட்டு இருக்கா. ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டு, நடுவுல தன்னால சிரிச்சுக்கறா. எதையோ நெனச்சுச் சிரிக்கறா. மொகம் அப்படியே... எப்படிச் சொல்றது, விட்டுப்போட்ட மொகம் சார். நான் பக்கத்துல இருக்கும்போது அந்த மொகம் வராது. ‘என்னங்க, என்ன வேணுங்க’ன்னு ஒரு உஷார் இருக்கும். இது வேற மொகம். நான் வாயத் தொறந்தா போயிடுமேன்னு வாசப்படியிலயே நின்னுட்டேன். அவ நறுக்கி முடிக்கற வரைக்கும் நின்னேன். அப்புறம் சத்தமில்லாம வெளிய வந்து வேலைக்குப் போயிட்டேன்.

அவ்வளவுதான். அதுல என்ன இருக்கு? கட்டின பொண்டாட்டிய நின்னு பாத்தேன்.

அப்புறம் பழகிருச்சு. லைனுக்குப் போயிட்டு வர்ற வழியில, பைக்கத் தெருமுனையில நிறுத்திட்டு, செருப்பக் கையில எடுத்துக்கிட்டு வந்துருவேன். கொஞ்ச நேரம் நிப்பேன். சில நாள் சேர்ல உக்காந்துக்குவேன். எங்க வீட்டுல மர சேர், சத்தம் வராது. அவ துணி மடிப்பா, ரேடியோ கேப்பா, ரோஸ்லின் கூடப் போன்ல பேசுவா. ரோஸ்லின்கறது அவ காலேஜ் சிநேகிதி, அந்தப் பொண்ணுக்கும் பார்வை கெடையாது, திண்டுக்கல்ல ஸ்கூல் டீச்சர். என்னப் பத்தி என்ன பேசறான்னு கேப்பேன். தப்பா ஒண்ணும் பேச மாட்டா. ‘நல்லவருதான் ரோஸி, ஆனா ஏதோ மூச்சு முட்டுது’ன்னு ஒரு தடவ சொன்னா. எனக்கு மனசு கஷ்டமாயிருச்சு. அன்னைக்கு சாயங்காலம் மல்லிகைப் பூ வாங்கிட்டுப் போனேன்.

ஆனா பாருங்க, இவங்களுக்கு ஏதோ தெரியும்போல. திடீர்னு கைவேலைய நிறுத்திட்டு ‘யாரு?’ம்பா. நான் மூச்ச அடக்கிக்குவேன். ‘யாருங்க?’ன்னு மறுபடி கேப்பா. அப்புறம் தலைய ஆட்டிக்கிட்டு வேலையப் பாப்பா. சாப்பிடும்போது என்கிட்டயே சொல்லுவா, ‘ஏங்க, நான் தனியா இருக்கும்போது வீட்டுல யாரோ இருக்கற மாதிரியே இருக்குதுங்க. பயமா இருக்கு’ன்னு. நான் என்ன சொல்ல முடியும்? நான்தான்னு சொன்னா அவளுக்கு வருத்தமாயிரும். ‘பிரமை, தனியா இருக்கறதுல வர்றது’ன்னு சொன்னேன்.

பயம் ஜாஸ்தியாச்சு. பகல்லயே நாலு தடவ எந்திரிச்சுப் போய் தாழ்ப்பாளத் தடவிப் பாப்பா. பின்கட்டுக் கதவுச் சாவி என்கிட்ட ஒண்ணு இருக்கே, அது வழியா வந்துருவேன். மனநல டாக்டர் ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அலட்சியமா விட்டேன்னு யாரும் சொல்லக்கூடாது பாருங்க. டாக்டர் அவளத்தான் கேட்டாரு, நான்தான் பதில் சொன்னேன். ‘யாரோ இருக்காங்கன்னு சொல்றா டாக்டர், கதவு சாத்தியிருந்தாலும் சொல்றா’ன்னு. மாத்திரை எழுதிக் குடுத்தாரு. நம்ம ஏஜென்சியிலயே அந்த மாத்திரை உண்டு. வேளா வேளைக்கு நானே கையில எடுத்துக் குடுப்பேன். அதப் போட்டா அவளுக்குக் கண்ணச் சொக்கும். பகல்லயும் படுத்துக்குவா. பயம் கொறைஞ்சுதா இல்லையா? கொறைஞ்சுது.

ஸ்டூல் விஷயத்தையும் சொல்லிடறேன். ஏன்னா அதத்தான் அவ வக்கீல் பெருசாப் பேசறாங்க. நடுவுல அவளுக்கு மறுபடி வேலைக்குப் போகணும்னு ஒரு நெனப்பு வந்துச்சு. ரோஸ்லின் ஏத்தி விட்டது. ‘வீட்டுக்குள்ள நடக்கறதே உனக்குத் தடுமாற்றம், இதுல ரோட்டுல எப்படி’ன்னு கேட்டேன். ‘எனக்கென்ன தடுமாற்றம், இந்த வீடு எனக்கு மனப்பாடம்’னா. மாத்திரை வேற போட்டுக்கிட்டு இருக்கா, விழுந்து கிழுந்து வச்சா? அவளுக்கே புரியட்டும்னு ஒரு நாள் ஸ்டூலக் கொஞ்சம் நகத்தி வச்சேன். ரொம்ப இல்ல சார், இம்புட்டு. முட்டியில இடிச்சுக்கிட்டா. இன்னொரு நாள் தண்ணி பக்கெட்டு. அப்புறம் ஒரு தடவ கொழம்புச் சட்டிய எறக்கி வச்ச எடம் மாறிப்போய் கையில பட்டுருச்சு. அது நான் நெனைக்கல, அது தப்பா ஆயிருச்சு. நான் தெருவுல இருந்து வர்ற மாதிரி செருப்பத் தேச்சுக்கிட்டு உள்ள வந்து, கையப் புடிச்சுக் கொழாத் தண்ணியில காட்டி, மருந்து போட்டேன். என் தோள்ல சாஞ்சு அழுதா. ‘எனக்கு என்னமோ ஆயிருச்சுங்க. வெச்சது வெச்ச எடத்துல ஞாபகம் வர மாட்டேங்குது. நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்’னு அழுதா.

ஒரு புருஷனுக்கு அதவிட வேற என்ன சார் வேணும்?

வேலைக்குப் போற பேச்சு அதோட நின்னுருச்சு. நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு.

இந்த நேரத்துலதான் ரோஸ்லின் வந்தது. புது போன் வாங்கிருச்சாம், பழச இவளுக்குக் குடுக்கறேன்னு தூக்கிக்கிட்டு வந்துருச்சு. பழசுன்னா உங்களோடது மாதிரிதான், பொட்டு வச்சது. அன்னைக்கு ஞாயித்துக்கெழமை, நான் வீட்டுலதான் இருந்தேன். ரெண்டு பேருமா ஹால்ல நின்னுக்கிட்டு போனை நெஞ்சுக்கு நேராப் புடிச்சு ஒவ்வொரு பக்கமாத் திரும்பறாங்க. போன் தமிழ்லயே பேசுது சார். செய்தி வாசிக்கற மாதிரி ஒரு பொம்பளக் குரல். ‘கதவு, ஐந்து அடி, திறந்துள்ளது.’ ‘நாற்காலி.’ கிட்டப் போகப் போக டிக்டிக்குன்னு அடிக்கும், ரொம்பக் கிட்டன்னா படபடன்னு அடிக்கும். பூங்கோதை சின்னப் புள்ள மாதிரி ஆயிட்டா. ஓடி ஓடிப் போய், ‘இதென்ன, பீரோவா? தொடாமலே தெரியுது ரோஸி!’ங்கறா.

ரோஸ்லின் வெவரமாச் சொல்லிக் குடுத்துச்சு. ‘குச்சி கால்ல தட்டுப்படறதத்தான் சொல்லும். பள்ளம், படி எல்லாம் குச்சிய வச்சுத்தான் பாக்கணும், இத நம்பிக் குச்சிய விட்டுராத. இது எதுக்குன்னா, ரேஷன் கடை கியூவுல முன்னாடி நிக்கற ஆளு நகந்துட்டாங்களான்னு தெரியும். பஸ்ல காலி சீட்டு இருக்கான்னு தெரியும். யார் மடியிலயும் போய் உக்கார வேண்டாம். கடை வாசல் எங்கருக்குன்னு தெரியும்’னு. அப்புறம் சிரிச்சுக்கிட்டே, ‘அண்ணா, இப்படி வந்து நில்லுங்க’ன்னுச்சு. நின்னேன். ‘நபர், ஆறு அடி’ன்னுச்சு போன். நான் ஒரு எட்டு முன்னால வந்தேன். ‘நபர், நான்கு அடி.’ பூங்கோதை கையத் தட்டிச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். மறுநாள் ஏஜென்சியில எல்லார்கிட்டயும் சொன்னேன், விஞ்ஞானம் எங்க போயிருச்சு பாருங்கய்யான்னு. அந்த மாதிரி ஆளு சார் நான். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லல. வேணாம்னு சொல்லியிருக்கணும்.

அடுத்து என்ன ஆச்சுன்னா, பரண்ல இருந்து குச்சி எறங்கிருச்சு. யார எடுத்துக் குடுக்கச் சொன்னான்னு தெரியல. போனுக்கு ஒரு நாடா கட்டிக் கழுத்துல மாட்டிக்குவா, பொட்டு வெளியப் பாத்த மாதிரி. தெருக்கோடிக் கடைக்குத் தனியாப் போனா. அப்புறம் மெயின் ரோடு வரைக்கும். பக்கத்து வீட்டு அம்மா என்கிட்டயே வந்து, ‘உங்க வீட்டம்மா ஜம்முனு போறாங்களே’ன்னாங்க. வீட்டுல ஸ்டூல் எங்க இருந்தாலும் சுத்திப் போயிடறா. கைகால்ல ஒரு காயம் கெடையாது. மாத்திரை வேணாங்கன்னுட்டா. ‘எனக்கு ஒண்ணும் ஆகலைங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்’னா. சந்தோஷப்பட வேண்டிய விஷயந்தான். ஆனா வீட்டுக்கு வந்தா என்னய எதுக்கும் கூப்பிடறதில்ல சார். அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது.

நான் நிக்கறத விடல. எதுக்கு விடணும், என் வீடு. போனைக் கழட்டி மேசைமேல வச்சிருக்கற நேரமாப் பாத்து வருவேன்.

ஒரு நாள் மதியம். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துல நின்னுட்டு இருந்தேன். அவ கடைக்குக் கெளம்பறா, போனை மாட்டிக்கிட்டு இந்தப் பக்கமாத் திரும்பினா. ‘நபர், ஆறு அடி.’

அப்படியே நின்னுட்டா. நானும் அசையல. ‘யாரு?’ன்னா. நான் மெல்ல ஒரு எட்டு பின்னால வச்சேன். ‘நபர், எட்டு அடி.’ அவ கத்தல. கத்தினா அக்கம்பக்கம் வந்திருக்கும், அதுவும் நல்லதுக்கில்ல. மெதுவா, ‘கோபி?’ன்னா. அவ என்னய அதுக்கு முன்னாடி பேரச் சொல்லிக் கூப்பிட்டதே கெடையாது. நான் பின்கட்டு வழியா வெளிய வந்து, பைக்க எடுத்துக்கிட்டு ஒரு சுத்து சுத்திட்டு, வாசல்ல ஆரன் அடிச்சுக்கிட்டு வந்தேன். தரையில உக்காந்திருந்தா. விஷயத்தச் சொன்னா. ‘மெஷினும்மா, ஃபிரிட்ஜப் பாத்து ஆளுன்னு சொல்லும், ஆணியில தொங்கற சட்டையப் பாத்து ஆளுன்னு சொல்லும், அத நம்பலாமா’ன்னேன். ‘அப்படியாங்க’ன்னா. அப்புறம், ‘மாத்திரை இன்னும் இருக்கா?’ன்னு அவளே கேட்டா. எனக்கு நிம்மதியாச்சு.

மறுநாள் நான் போனப்ப அவ என்ன பண்ணிட்டு இருந்தா தெரியுமா? என் சட்டைய ஆணியில மாட்டி, அதுக்கு முன்னாடி போனப் புடிச்சுக்கிட்டு நிக்கறா. போன் ஒண்ணும் பேசல. ஃபிரிட்ஜு முன்னாடி போய் நின்னா. பேசல. நிதானமா ஒவ்வொரு செவுரா, ஒவ்வொரு மூலையா காட்டிக்கிட்டே வந்தா. நான் வாசப்படிக்கிட்ட நிக்கறேன். எனக்கு நேரா போன் திரும்புச்சு. ஆனா சத்தமே வரல சார். அவளும் கண்டுக்காம அடுத்த பக்கம் திரும்பிட்டா. அப்பாடா, மெஷின் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்.

கெட்டுப்போகல. காதுல சின்னதா ஒரு இயர்போன் மாட்டியிருந்தா, முடிக்குள்ள. அது அவ காதுக்கு மட்டும் சொல்லிட்டு இருந்திருக்கு. எனக்குத் தெரியாது.

அப்புறம் கொஞ்ச நாள் அப்படியே போச்சு. நான் வருவேன், நிப்பேன். அவ அவ பாட்டுக்கு வேலை பாப்பா. பாட்டுக் கெடையாது, சிரிப்புக் கெடையாது. கல்லு மாதிரி மொகம். ஒடம்புக்கு முடியலயோன்னு எனக்குக் கவலை. பழம் வாங்கிட்டுப் போய்க் குடுத்தேன். ‘அங்க வச்சுருங்க’ன்னா.

கடைசி நாள். ஒரு வெள்ளிக்கெழமை மத்தியானம். நான் பீரோவுக்குப் பக்கத்துல நின்னுட்டு இருக்கேன். அவ கட்டில்ல உக்காந்து துணி மடிச்சுட்டு இருக்கா. தலைய நிமித்தாமலே கேட்டா.

“எத்தன வருஷமாங்க?”

எனக்கு ஒண்ணும் புரியல. போன்ல ரோஸ்லின் கூடப் பேசறாளோன்னு நெனச்சேன்.

“பேச மாட்டீங்கன்னு தெரியும். பேசினா இருக்கீங்கன்னு ஆயிரும்ல.” ஒரு பொடவைய ரெண்டா மடிச்சு மடியில வச்சா. “ஒரு வாரமா உங்களப் பாத்துட்டு இருக்கேன். ஆமா, நான்தான் பாக்கறேன். செவ்வாக்கெழமை அடுப்படி வாசல்ல நின்னீங்க. நேத்து நாற்காலியில உக்காந்திருந்தீங்க. இப்ப பீரோகிட்ட.”

நான் அசையல.

“ஸ்டூல நகத்தினது நீங்கதானே? கொழம்புச் சட்டி?” கையத் தடவிக்கிட்டா, சுட்ட எடத்த. “எனக்குப் புத்தி பெரண்டுருச்சுன்னு நெனச்சேங்க. அந்த டாக்டர்கிட்ட ஆமா டாக்டர், ஆமா டாக்டர்னு தலையாட்டினேன். நீங்க குடுத்த மாத்திரைய முழுங்கிட்டு, சாமிகிட்ட என்னயக் காப்பாத்துன்னு வேண்டிக்கிட்டேன். அப்பவும் நீங்க நின்னுட்டுத்தானே இருந்தீங்க?”

சார், அவ கத்தல, சாபம் விடல. ஒரு பொடவைய மடிச்சு முடிச்சுட்டு அடுத்தத எடுக்கறா. கத்தியிருந்தாக்கூட எனக்கு ஏதாவது பதில் வந்திருக்கும்.

“நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். வாங்க, பக்கத்துல உக்காருங்கன்னு சொல்லியிருப்பேன். உங்களுக்கு அது வேணாம். நான் தனியா இருக்கேன்னு நெனைக்கணும், நீங்க மட்டும் அங்க இருக்கணும்.” அடுத்த பொடவையையும் மடிச்சு வச்சா. அப்புறம், “இப்பவாவது சொல்லுங்க. இங்க இருக்கேன்னு சொல்லுங்க. என்ன இருந்தாலும் அதுக்கப்புறம் பேசிக்கலாம்”னா.

நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு சார். சத்தியமா. ஆனா யோசிச்சுப் பாருங்க. அது நான் லைன்ல இருக்கற நேரம். இருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னா, அன்னைக்கு மட்டும் இருந்தேன்னா ஆகும்? அத்தன நாளும் இருந்தேன்னு ஆயிரும். அவ ‘யாரு’ன்னு கேட்ட அத்தன தடவையும் நான் இருந்தேன்னு ஆயிரும். அதனால சொல்லல.

அவ காத்திருந்தா. ரொம்ப நேரம் காத்திருந்தா. அப்புறம் எந்திரிச்சு, மடிச்ச துணியப் பையில வச்சா. காதுல இருந்து அந்த இயர்போனக் கழட்டிப் பைக்குள்ள போட்டா. இப்ப போன் வெளியவே பேசுது, நானும் கேக்கணும்னு. ‘நபர், ஏழு அடி.’ அவ நடந்து வர்றா. பீரோவத் தாண்டித்தான் வாசலுக்குப் போகணும். ‘நபர், நான்கு அடி. நபர், மூன்று அடி.’ எனக்கு நேரா வந்து ஒரு நிமிஷம் நின்னா. அவ மூச்சு என் சட்டையில பட்டுச்சு. நான் செவுத்தோட ஒட்டிக்கிட்டு அவளுக்கு வழி விட்டேன். ‘கதவு, ஐந்து அடி, திறந்துள்ளது.’ வெளிய ஆட்டோவுல ரோஸ்லின் உக்காந்திருந்துச்சு. ஏறிப் போயிட்டா.

எல்லாரும் கேக்கறாங்க, ஏன் தடுக்கலன்னு. எப்படி சார் தடுப்பேன்? நான் வீட்டுல இல்லையே.

அப்புறம் மகளிர் ஸ்டேஷன்ல கூப்பிட்டாங்க. அவ அண்ணன் வந்திருந்தாரு. ‘அடிச்சாராம்மா? குடிச்சுட்டு வந்தாரா? வேற பொம்பள தொடர்பா?’ன்னு இன்ஸ்பெக்டரம்மா வரிசையாக் கேட்டாங்க. எல்லாத்துக்கும் இல்லன்னா. ‘அப்புறம் என்னதாம்மா பண்ணினாரு?’ன்னாங்க. ‘பேசாம நின்னாருங்க’ன்னா. அங்க இருந்த ஏட்டு ஒருத்தரு சிரிச்சுட்டாரு. ‘பொண்டாட்டியப் பாக்கறது ஒரு குத்தமா? இந்தக் காலத்துல எவன் பாக்கறான்?’னாரு. அவ அண்ணன்கூட, ‘மாப்பிள்ள உன்மேல உசுரா இருக்காரு, அனுசரிச்சுப் போ’ன்னாரு. இன்ஸ்பெக்டரம்மா மட்டும் சிரிக்கல. என்னயக் கொஞ்ச நேரம் உத்துப் பாத்தாங்க. ‘எழுந்து அந்தச் செவுத்தோரமா நில்லுங்க. பேசக்கூடாது’ன்னாங்க. நின்னேன். அவங்க பேப்பர்ல எழுதறத நிறுத்திட்டு என்னயவே பாத்துட்டு இருந்தாங்க. எவ்வளவு நேரம்னு தெரியல. வேர்த்துக் கொட்டிருச்சு. அது எதுக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல.

விவாகரத்துக் கேஸ் நடக்குது. அவ இப்ப திண்டுக்கல்ல ரோஸ்லின் கூட இருக்கா. மறுபடி ஒரு ஆஸ்பத்திரியில போன் எடுக்கற வேலை. கோர்ட்ல கிட்டப் போகக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நான் கிட்டப் போறதில்ல. வாரம் ஒரு தடவ இப்படி வருவேன். அவ ஆஸ்பத்திரி விட்டு வர்ற பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ச்சாரியில ஒரு மரம் இருக்கு. அங்க நிப்பேன். அந்தப் போனுக்குப் பதினஞ்சு பதினாறு அடிதான் எட்டும் சார். ரோடு அதவிட அகலம்.

போன வாரம் மழை தூறுச்சு. மரத்தடியில நிக்க முடியல, நானும் ஸ்டாப்பு நெழக்குடைக்குள்ள வந்துட்டேன். நல்ல கூட்டம். அவளும் குச்சியத் தட்டிக்கிட்டு வந்தா. கழுத்துல போன். ‘நபர், மூன்று அடி. நபர், ஐந்து அடி. நபர், ஐந்து அடி’ன்னு அது பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கு. அதுக்கு நபர்னுதான் தெரியும், யாருன்னு தெரியாது. எல்லாரும் பேசிக்கிட்டு, போனப் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. நான் பேசாம நின்னேன்.

என்ன தோணுச்சோ, சட்டுனு நின்னுட்டா. சத்தமாக் கேட்டா சார், அந்தப் போன் எடுக்கற குரல்ல. “தயவு செஞ்சு யாராவது சொல்லுங்க. இங்க ஒருத்தர் ஒண்ணும் பேசாம என்னயவே பாத்துட்டு நிக்கறாரா?”

பேச்செல்லாம் நின்னு போச்சு. எல்லாரும் அவளப் பாத்தாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா சுத்திப் பாத்து, என்னயப் பாத்தாங்க. காய்கறிப் பையோட நின்ன பெரியவரு பாத்தாரு, காலேஜ் பொண்ணுங்க ரெண்டு பேர் பாத்தாங்க, பூக்காரம்மா பாத்துச்சு. நான்தான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. ஓடிரலாமான்னு இருந்துச்சு.

“இருக்காரா?”ன்னு மறுபடி கேட்டா. “கண்ணு இருக்கறவங்க யாராவது சொல்லுங்களேன்.”

மழச் சத்தந்தான். பஸ் வந்துச்சு. பெரியவரு குனிஞ்சுக்கிட்டு ஏறினாரு. அந்தப் பொண்ணுங்க ஏறுச்சுங்க. பூக்காரம்மா கூடையத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிருச்சு. ஸ்டாப்புல அவளும் நானும் மட்டும். ‘நபர், நான்கு அடி’ன்னுச்சு போன்.

அத்தன பேர் சார். ஒருத்தர் வாயத் தொறக்கல. என்மேல தப்பு இருந்தா ஒருத்தராவது சொல்லியிருக்க மாட்டாங்களா? உங்களையே எடுத்துக்கங்க. இவ்வளவு நேரமாக் கேட்டுட்டு வர்றீங்க, தப்புன்னு ஒரு வார்த்தை நீங்களும் சொல்லலையே.

கொஞ்சம் காலை மடக்கிக்கங்க சார். நான் இந்த ஆஸ்பத்திரி ஸ்டாப்புல எறங்கணும்.